பேப்பரில் வராத வரி

அம்மாடி, நீ சென்னைக்குக் கிளம்புகிற அன்றைக்கு மதுரைக்கு வந்து உன்னை வழியனுப்ப முடியாது என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முட்டி வலி ஒரு பக்கம், கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதது ஒரு பக்கம். இரண்டும் பொய்யில்லை, ஆனால் அதற்காக வராமல் இருக்கிற ஆள் உன் அப்பன் இல்லை என்பது உனக்கே தெரியும். நேரில் வந்தால் நான் பேசமாட்டேன். உன் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, பஸ் நகர்ந்ததும் கையை ஆட்டிவிட்டு வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். உன் சூசை மாமா செத்த பிறகு நீயும் நானும் போனில் பேசுவது சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்பதைத் தாண்டவில்லை. அதனால் எழுதுகிறேன். நீட்டி எழுதினால் பேப்பர் ஆபீஸ் டெஸ்க்கில் வெட்டிவிடுவார்கள் என்று பயந்து பயந்தே பழகிய கை இது. இன்றைக்கு வெட்ட ஆளில்லை. நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படி.

உனக்குத் தெரிந்ததையும் சொல்லுவேன். நீ வீட்டுக்குள்ளிருந்து பார்த்தது வேறு, வெளியே நாங்கள் நடத்திய கூத்து வேறு. தொண்ணூறுகளில் வத்தலக்குண்டில் நாங்கள் ஐந்து நிருபர்கள், ஐந்து பேப்பருக்கு. எல்லோருக்கும் வேறு பிழைப்பு இருந்தது. எனக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை, உன் சூசை மாமாவுக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். செய்தி என்பது மிச்ச நேரத்து வேலை. பேப்பருக்குப் பேப்பர் போட்டி என்பதெல்லாம் மதுரை ஆபீஸோடு சரி. இங்கே நாங்கள் முறை வைத்துப் போவோம். ஒரு விபத்து, ஒரு மறியல், ஒரு மந்திரி வருகை என்றால், அன்றைக்கு யார் முறையோ அவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மற்ற நாலு பேரும் டீக்கடையில் காத்திருப்போம். வந்தவர் சொல்லச் சொல்ல ஐந்து பேரும் எழுதுவோம், ஆளுக்கு ஒரு தலைப்பு வைத்து, ஆளுக்கு ஒரு கவரில் போட்டு, மதுரை பஸ்ஸில் கொடுத்துவிடுவோம். மறுநாள் ஐந்து பேப்பரிலும் வரும். படிக்கிறவன் ஐந்து பேர் ஓடி ஓடிச் சேகரித்த செய்தி என்று நினைத்துக்கொள்வான். உண்மையில் ஐந்து பேரும் ஒரே ஆளின் கண்ணால்தான் பார்த்தோம். இதில் எங்களுக்கு வெட்கம் இருந்ததில்லை அம்மாடி. நமக்குள் எவ்வளவு ஒற்றுமை பார் என்று பெருமையாகத்தான் இருந்தது.

நீ ஒன்பதாவது படித்த வருஷம், தை மாதம். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பூ ஏற்றிக்கொண்டு போன வேன் வாய்க்காலில் கவிழ்ந்தது. பூவோடு சந்தைக்குப் போன பெண்கள் மூன்று பேரும், வேனை ஓட்டிய கருப்பையாவும் அந்த இடத்திலேயே முடிந்து போனார்கள். அன்றைக்கு முறை சூசைக்கு. அவன் போனபோது உடல்களை எடுத்துப் போய்விட்டார்கள். தண்ணீர் முழுக்கப் பூ மிதந்தது என்று பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். கூடியிருந்த கூட்டத்தில் எவனோ ஒருத்தன், "தண்ணியப் போட்டுட்டு ஓட்டியிருப்பான், வேறென்ன" என்றிருக்கிறான். மதுரை பஸ் கிளம்பக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சூசை ஓடிவந்து டீக்கடையில் மூச்சு வாங்கச் சொன்னான், நாங்கள் எழுதினோம். அவன் என்னவோ 'குடித்திருக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள்' என்றுதான் சொன்னான். மறுநாள் ஐந்து பேப்பரிலும் 'குடிபோதையில் ஓட்டியதால் வேன் கவிழ்ந்தது' என்று வந்தது. டெஸ்க்கில் சுருக்கியது பாதி, நாங்களே சுருக்கி அனுப்பியது பாதி.

சூசைக்கு மனசு கேட்கவில்லை. நாலைந்து நாள் கழித்து, வேனை இழுத்து வந்து போட்டிருந்த பட்டறைக்குத் தானாகப் போனான். ஸ்டியரிங் ராடு இரண்டாக முறிந்து கிடந்ததை மெக்கானிக் எடுத்துக் காட்டியிருக்கிறார். அங்கிருந்து கருப்பையாவின் வீட்டுக்குப் போனான். அந்த மனிதர் பழனிக்கு நடைப்பயணம் போக மாலை போட்டிருந்தவர். மாலை போட்டவன் வீட்டில் வெங்காயம் பூண்டுகூட ஆகாது என்று தனிச்சட்டியில் சமைத்துக்கொண்டிருந்த வீடு அது. நம் பக்கத்தில் தை மாதம் ரோட்டில் இறங்கினால் பத்தில் நாலு கழுத்தில் மாலை கிடக்கும். ஐந்து நிருபர்களில் ஒருத்தருக்குக்கூட 'ஓட்டியவர் கழுத்தில் என்ன இருந்தது' என்று கேட்கத் தோன்றவில்லை. சூசை இதையெல்லாம் எழுதி அனுப்பினான். வரவில்லை. இன்னொரு தடவை அனுப்பினான். விபத்து பழசாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டியவரும் செத்துவிட்டதால் கேஸ் நடக்கவில்லை, தீர்ப்பு என்று ஒன்றும் வரவில்லை. கருப்பையாவின் மனைவி பெருமாயி, இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு, மறுபடி பூப்பறிக்கப் போய்விட்டாள். நாங்களும் அடுத்த மறியலுக்கும் அடுத்த மந்திரிக்கும் போய்விட்டோம்.

நீ காலேஜ் முடித்து, பத்திரிகை வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றபோது, நான் வேண்டாம் என்றேன். சூசைதான் உன்னை மதுரைக்குக் கூட்டிப்போய்த் தன்னுடைய பேப்பரில் நுழைத்துவிட்டான். வரும்போது பஸ்ஸில் உனக்குப் பாடம் எடுத்தானாமே, தலைப்பு எப்படி வைக்க வேண்டும், எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று. அவன் பெற்றது இரண்டும் பத்திரிகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதால் உன்னைத்தான் வாரிசு என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். "ஏலே, எம்மருமக இன்னைக்கு மொதப் பக்கம் போட்டிருக்கா பாரு" என்று பேப்பரைத் தூக்கிக்கொண்டு டீக்கடை டீக்கடையாகப் போவான். அது ஆறாம் பக்கமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கலைக்களஞ்சியம் வந்து சேர்ந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் களஞ்சியம். அதில் எழுதுகிற காலேஜ் வாத்தியார் ஒருவர், சின்ன வயசு, நிருபர்களுக்கெல்லாம் சொல்லித்தருகிறேன் என்று திண்டுக்கல்லில் கூட்டம் போட்டார். மதியம் பிரியாணி உண்டு என்றதால் ஐந்து பேரும் போனோம். "உங்க ஊரப் பத்தி உங்களவிட யாருக்கு சார் தெரியும்? ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம் எழுதுங்க. பேப்பர்ல எழுதுனது மறுநாள் போயிரும், இது நிக்கும்" என்றார். மற்றவர்கள் பிரியாணியோடு மறந்துவிட்டார்கள். சூசை மறக்கவில்லை. டைப்ரைட்டிங்குக்கு ஆள் வருவது குறைந்து, இன்ஸ்டிடியூட்டில் அவனும் மிஷினும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்த காலம். மதியச் சாப்பாடு முடிந்ததும் என் கடைக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

ஆரம்பத்தில் அவன் எழுதியதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டைப் பற்றி எழுதினான். 'நேற்று விலை கிடுகிடுவென உயர்ந்தது, இல்லத்தரசிகள் அதிர்ச்சி' என்று முடித்தான். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் பற்றி எழுதிவிட்டுக் கடைசியில் 'அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பார்களா?' என்று கேள்வி வைத்தான். அந்த வாத்தியார் பொறுமைசாலி. நேற்று என்றால் எந்த நேற்று ஐயா, அதிர்ச்சி அடைந்தவர்களை எண்ணினீர்களா ஐயா என்று பக்கத்துக்குப் பக்கம் குறிப்புப் போட்டுத் திருத்தினார். சூசை கோபப்பட்டான், அப்புறம் பழகினான், அப்புறம் அசத்தினான் என்றே சொல்லலாம். எந்தக் கண்மாய்க்கு எந்த ஓடையிலிருந்து தண்ணீர் வருகிறது, எந்தச் சந்தை எந்தக் கிழமை கூடும், எந்தக் கோவில் தேரும் எந்தச் சர்ச் சப்பரமும் ஒரே தெருவில் போகும் என்று இத்தனை வருஷம் அலைந்து தெரிந்துகொண்டதையெல்லாம் கொட்டினான். பேப்பர் அவனிடம் ஒருநாளும் கேட்காத விஷயங்கள் அவை. "இதுல வெட்டுறதுக்கு டெஸ்க்கு கெடையாது மாப்ள. பழசாப் போச்சுன்னு சொல்றவனும் கெடையாது" என்பான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. அந்த வரிசையில், கருப்பையாவின் கிராமத்துக்கும் ஒரு பக்கம் அவனே தொடங்கி எழுதினான். கண்மாய், பூந்தோட்டம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது. விபத்தை எழுதவில்லை.

அதை வேறொருவர் வந்து எழுதினார். யாரென்று தெரியாது, கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. எங்கோ நூலகத்தில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டி, எங்கள் தாலுகாவில் நடந்ததையெல்லாம் அந்தந்த ஊர்ப் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். 'கருப்பையா என்பவர் குடிபோதையில் ஓட்டியதால் வேன் கவிழ்ந்து நால்வர் இறந்தனர்' என்று ஒரு வரி. கீழே சான்றாக ஐந்து பேப்பர், தேதியோடு. சூசை அப்போது சிறுநீரகம் கெட்டு, மதுரை ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் பண்ணப் போய் வந்துகொண்டிருந்தான். அவன் பார்க்கவில்லை. பார்த்தது கருப்பையாவின் மகள் வளர்மதி. அந்தக் கைக்குழந்தை வளர்ந்து நர்ஸிங் சேர்ந்திருந்தது. கம்ப்யூட்டர் வகுப்பில் அவரவர் ஊரைத் தேடிப் பாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். பக்கத்துச் சீட்டுப் பெண் சத்தமாக வாசித்திருக்கிறாள்.

பெருமாயியும் வளர்மதியும் என் கடைக்கு வந்தார்கள். சூசை கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தான். பெருமாயிக்கு அவனை நினைவிருந்தது, வீடு தேடி வந்த ஒரே பேப்பர்காரன் அவன்தானே. "அண்ணே, அன்னைக்குப் பேப்பர்ல வந்துச்சு, சரி, அந்தப் பேப்பரு கிழிஞ்சு போச்சுன்னு இருந்தேன். இப்ப இந்தப் பொட்டியில கெடக்காம்ல? இதைக் கிழிக்க முடியாதாம்ல?" என்றாள். சூசை அந்த ஊர்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். "மால போட்டிருந்த மனுசன்ண்ணே. செத்து இம்புட்டு வருசமாச்சு, இன்னும் குடிகாரன்னு ஊரு பூரா வாசிக்குது. இவளுக்கு அப்பன் மொகமே தெரியாது. படிக்கப் போன எடத்துல இதத்தான் பாத்துட்டு வந்து அழுகுறா." வளர்மதி அழவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூசை எழுந்து, "நான் எடுத்துர்றேன்மா. நான் தொடங்குன பக்கம்தான், எடுத்துர்றேன்" என்றான். அவர்கள் முன்னாலேயே அந்த வரியை அழித்தான். மறுநாள் அது திரும்ப வந்துவிட்டது. ஐந்து சான்றுள்ள செய்தியைக் காரணமில்லாமல் நீக்கக் கூடாது என்று குறிப்பும் போட்டிருந்தார்கள்.

அங்கேயும் சட்டம் உண்டு அம்மாடி. உனக்கு என்ன தெரியும் என்பது அங்கே கணக்கில்லை. எது அச்சில் வந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. தெரிந்தவனெல்லாம் தெரிந்ததை எழுதினால் புளுகும் அதே வழியாக வந்துவிடும், அதனால் அந்தச் சட்டம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எழுதுகிறவர்கள் தங்களுக்குள் விவாதிக்க அங்கே இருக்கிற உரையாடல் பக்கத்தில் சூசை விளக்கம் எழுத உட்கார்ந்தான். அந்த ஐந்து பேப்பரும் ஐந்து இல்லை, ஒன்றுதான், அந்த ஒன்று நான்தான் என்று எழுதப் போகிறேன் என்றான். நான் தடுத்தேன். "வேணாம்டா, அஞ்சு பேரு மானமும் போயிரும்" என்றேன். "அந்தாளு மானம் போயி எத்தன வருசமாச்சு மாப்ள" என்றான். எழுதினான், தன் சொந்தப் பேரைப் போட்டு. மற்ற மூன்று பேரும் அதோடு அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வாத்தியார் மட்டும் தனியாகப் பதில் எழுதியிருந்தார். 'ஐயா, நான் உங்களை முழுக்க நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கை சான்று ஆகாது. அந்த ஐந்து பேப்பரில் ஏதாவது ஒன்றில் ஒரே ஒரு வரி மறுப்பு வரட்டும், அன்றைக்கே மாற்றிவிடுகிறேன்.' அவர் தன் பொறுப்பில் கருப்பையாவின் பேரையாவது எடுத்துப் பார்த்தார். வேறு யாரோ திரும்பப் போட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு நாள் சூசை உன் ஆபீஸ் படியேறி வந்தது இதற்குத்தான். நீ அவனை கேன்டீனுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்று தெரிந்து அரை டம்ளர் காப்பி வாங்கிக் கொடுத்தாயாம். கேட்டுவிட்டு, "மாமா, எப்பவோ வந்த செய்திக்கு இப்பத் திருத்தம் போட மாட்டாங்க, நான் கேட்டாலே என்னைப் பாத்துச் சிரிப்பாங்க" என்றாயாம். திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது அவனுக்கு வருத்தமில்லை. "சரியாத்தான் சொல்றா. அந்த ரூல அவளுக்குச் சொல்லிக் குடுத்தவனே நான்தான மாப்ள" என்று சிரித்தான். அப்புறம், "நான் செத்தா போடுவாங்கல்ல?" என்றான். நிருபர் செத்தால் அவன் பேப்பரில் போட்டோவோடு நாலு வரி போடுவது வழக்கம். இருக்கும்போது எதையும் போடாதவர்கள்கூடச் சாவை மறுக்க மாட்டார்கள். "அதுல ஒரு வரி சேத்துரச் சொல்லு மாப்ள. நம்ம புள்ளதான டெஸ்க்குல இருக்கு." சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பெருமாயியிடமும் இதைச் சொல்லிவிட்டான், நான் போற அன்னைக்கு வந்துரும்மா என்று. தன் சாவை ஒரு வேலை முடிகிற நாள் மாதிரி அவன் அவளுக்குச் சொன்னதை என்னால் பக்கத்தில் நின்று கேட்க முடியவில்லை, வெளியே போய்விட்டேன்.

அவன் போன அன்று சாயங்காலம் நான் உனக்குப் போன் செய்தேன். நீ அழுதுகொண்டேதான் செய்தியை எழுதிக்கொண்டாய். மூத்த செய்தியாளர், வயது, மனைவி மக்கள், அடக்கம் எப்போது. எல்லாம் முடிந்ததும் அந்த வரியைச் சொன்னேன். 'நிலக்கோட்டை அருகே நடந்த வேன் விபத்தில் இறந்த ஓட்டுநர் கருப்பையா குடிபோதையில் இருந்ததாகத் தாம் அனுப்பிய செய்தி தவறு என்றும், அவர் மாலை அணிந்து விரதம் இருந்தவர் என்றும், ஸ்டியரிங் முறிந்ததே விபத்துக்குக் காரணம் என்றும் இவர் தம் கடைசி நாட்களில் தெரிவித்தார்.' நீ திரும்பப் படித்துக் காட்டினாய், ஒரு எழுத்து மாறாமல். பிறகு, "அப்பா, இது நம்ம பேப்பர் மேலேயே நாமளே போட்டுக்கிற வரி. சீஃப் பாத்தா ரெண்டு கேள்வி கேப்பாரு. இப்பத்தான் சென்னை ஆபீஸுக்கு மாத்த என் பேரு போயிருக்கு" என்றாய். மறுநாள் பேப்பரில் போட்டோ நன்றாக இருந்தது. செய்தி நாலு வரி. அந்த வரி இல்லை. சீஃப் எடுத்துவிட்டார் என்று நீ சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நீ அப்படிச் சொல்லவில்லை. "நானே எடுத்துட்டேம்ப்பா" என்றாய். அந்த நேர்மைக்கு நான் உன்னைக் கட்டிக்கொள்ளவா, இல்லை போனை வைத்துவிடவா என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. இப்போது கோபமில்லை, துக்கம்தான். உன் நாற்காலியில் உன் வயதில் நான் இருந்திருந்தாலும் எடுத்திருப்பேன். அஞ்சு பேரு மானம் என்று சொன்னவன் நான், உனக்கு என்ன புத்தி சொல்ல முடியும்? ஒன்று மட்டும் சொல்லுகிறேன். நீ போகிற இடம் பெரிய இடம். அங்கே உன் கைக்கு வருவதெல்லாம் ஊர் ஊராக யாரோ ஒரு சூசை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுதிக்கொடுத்ததாகத்தான் இருக்கும். விபத்து என்றால் ஊரை எழுது, வண்டியை எழுது, செத்தவர் பேரை எழுது. ஏன் நடந்தது என்ற இடத்துக்கு வரும்போது மட்டும், இதை யார் கண்ணால் பார்த்தது என்று ஒரு போன் போட்டுக் கேள். கேட்டால் பக்கம் தாமதமாகும், திட்டு வாங்குவாய். வாங்கிக்கொள். நாம் போடுவதெல்லாம் மறுநாள் கடையில் பொட்டலம் மடிக்கப் போய்விடும் என்கிற தைரியத்தில்தான் எங்கள் காலம் ஓடியது. உன் காலத்தில் எதுவும் பொட்டலத்துக்குப் போகாது அம்மாடி, எல்லாம் எங்கேயாவது சான்றாக நிற்கும்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் பெருமாயி கடைக்கு வந்தாள். நிலக்கோட்டையில் பூவைப் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறாள், முந்தானையெல்லாம் ஈரம். சூசையை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேப்பர்ல வந்துருச்சாண்ணே?" என்று கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேஜை மேல் பேப்பர் விரித்தபடி இருந்தது, சூசையின் படம் அவளுக்கே தெரிந்தது. "இந்தா இருக்காகள்ல, வாசிங்கண்ணே" என்று கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. நாலு வரியை வாசித்தேன். நிறுத்தாமல், அதே குரலில், அந்தப் பேப்பரில் இல்லாத வரியையும் வாசித்தேன். அவன் சொல்ல நான் எழுதி, உன்னிடம் சொல்லி, நீ திரும்பச் சொன்ன வரி, எனக்குப் பார்க்காமலே வந்தது. "மாலை அணிந்து விரதம் இருந்தவர்" என்ற இடத்தில் பெருமாயி கையெடுத்துக் கும்பிட்டாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். பிறகு எழுந்து, "அந்தத் தாள எனக்குக் குடுங்கண்ணே. வளர்மதி லீவுக்கு வந்திருக்கா, அவ வாசிக்கட்டும்" என்றாள். கொடுக்காமல் இருக்க என்ன காரணம் சொல்ல முடியும்? கொடுத்தேன். பூக்கூடைக்குள் கசங்காமல் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வளர்மதி படித்த பெண், தாளை விரித்ததும் தெரிந்துவிடும், பெருமாயி என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்பதைவிட அந்த வரி இல்லை என்று அவளுக்கு இன்னொரு தடவை யாரோ சொல்ல வேண்டுமே என்பதுதான் தாங்கவில்லை. போய் நானே சொல்லிவிடலாம் என்று மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது கடைப் போன் அடித்தது. வளர்மதி.

"மாமா, அம்மா பேப்பரக் கொண்டாந்துச்சு" என்றாள். நான், "ஆமா தாயி" என்றேன். "வாசின்னு எங்கிட்டக் குடுத்துச்சு. பாத்தேன். நாலு வரிதான் இருந்துச்சு." குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு முன்னாடியே அம்மா, இப்படி இப்படிப் போட்டிருக்காகன்னு எங்கிட்டப் பூராத்தையும் சொல்லிருச்சு மாமா. அதான், நானும் அப்படியே வாசிச்சுட்டேன். அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னுச்சு. மறுபடியும் வாசிச்சேன். ஒரு வார்த்த மாறல."

நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். "யாருக்கும் தெரிய வேணாம் மாமா. ஊர்ல யாரும் அந்தத் தாள வாங்கிப் பாக்க மாட்டாக, அம்மா ட்ரங்குப் பொட்டியில வச்சுப் பூட்டிருச்சு" என்றாள். போனை வைக்கப் போனவள், ஏதோ நினைத்துக்கொண்டு, "உங்க மக அந்தப் பேப்பர்லதான இருக்காக? அவுககிட்ட மட்டும் சொல்லுங்க மாமா" என்றாள்.

சொல்லிவிட்டேன், அம்மாடி.